குன்னூரில் ஒரு தளபதியும் எங்கள் பெரியப்பாவும்

நீலகிரிக்குப் போய் வருகிறவர்கள் மூன்று பொருள்களைத் தவறாமல் கொண்டு வருவார்கள். தைலம் ஒரு போத்தல், ஊட்டி வர்க்கி ஒரு பொட்டலம், தாவரவியல் பூங்காவில் பிடித்த குடும்பப் படம் ஒன்று. 1990ஆம் ஆண்டு கோயில் சுற்றுலாக் குழுவோடு நானும் என் துணைவியாரும் தமிழ்நாடு போனபோது அந்த மூன்றையும் கொண்டு வந்தோம். போகிற வழியில் எங்கள் பேருந்து குன்னூரில் தேநீருக்காக நின்றது. இருபது நிமிடம். எல்லாரும் குளிருக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டு தேநீர் குடித்தார்கள். நானும் குடித்தேன். பிறகு ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

அந்த இருபது நிமிடத்தில் நான் செய்யாமல் விட்ட காரியம் ஒன்று உண்டு. அதைச் செய்வதற்காகத்தான் சென்ற ஜனவரியில் மறுபடியும் அந்த மலைக்குப் போனேன். போனபோது காலம் கடந்துவிட்டிருந்தது. என்றாலும் போனேன்.

விவரம் சொல்ல வேண்டுமானால் எங்கள் பெரியப்பாவிலிருந்து தொடங்க வேண்டும்.

பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டம். பெரியப்பா அங்கே பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு எல்லாரும் அரைத் தூக்கத்தில் கூடுவார்கள். கொட்டாவி விடுகிறவர்களும் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தேடுகிறவர்களுமாக அந்த வரிசை வளைந்தும் நெளிந்தும் நிற்கும். பெரியப்பா ஒருவர் மட்டும் குதிகால் இரண்டும் ஒட்ட, கை இரண்டும் தொடையோடு ஒட்ட, நேராக நிற்பார். கிராணியார் பெயர் படிக்கும் வரை அசைய மாட்டார். "என்ன பட்டாளத்தாரே, எந்தச் சண்டைக்கு?" என்று தண்டல் கேலி செய்வாராம். பெரியப்பா பதில் சொன்னதே இல்லை.

1943இல் நேதாஜி சிங்கப்பூருக்கு வந்து இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபோது தோட்டத்துப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள் அல்லவா? பெரியப்பா அவர்களில் ஒருவர். அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அதுவரை தோட்டத்து எல்லையைத் தாண்டி டவுனுக்கு மேல் போகாதவர். பயிற்சி முகாமில் முதலில் கொடுத்தது மரத்துப்பாக்கி. 1944இல் சயாம் வழியாக ரயிலில் பர்மாவுக்கு அனுப்பினார்கள். அது எந்த ரயில் என்று வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எங்கள் தோட்டத்திலிருந்து சப்பான்காரன் ஏற்றிக்கொண்டு போனவர்களும் சேர்ந்து போட்ட பாதை. 1943 அக்டோபரில் முடிந்த அந்த 415 கிலோமீட்டர் பாதையில் தன் சொந்தத் தாய்மாமன் எந்த இடத்தில் விழுந்தார் என்று தெரியாமலேயே பெரியப்பா அதன்மேல் பயணம் செய்தார்.

அங்கே என்ன நடந்தது என்று அவர் வாய் திறந்து சொன்னது மிகக் கொஞ்சம். சொன்னதில் ஒன்று, சிட்டாங் ஆறு. "பாலம் ஒடைஞ்சு கெடந்துச்சுடா தம்பி. படகுலதான் அக்கரைக்குப் போனோம்" என்பார். போகும்போதும் படகு, அரைப் பட்டினியோடு தோற்றுத் திரும்பும்போதும் படகு.

இனி 1971 டிசம்பர். நான் அப்போது இடைநிலைப் பள்ளி மாணவன். கீழை வங்காளத்தில் போர். மாலையானால் லயத்தில் வானொலி இருக்கும் வீட்டுத் திண்ணையில் ஆண்கள் கூடிவிடுவார்கள். பதின்மூன்றே நாளில் போர் முடிந்தது. இந்தியப் படையின் தலைவர் படம் நாளிதழில் வந்தது. தொங்கு மீசை, சற்றே சாய்த்து வைத்த கூர்க்கா தொப்பி, கண்ணில் ஒரு குறும்பு. பெயர் சாம் மானெக்ஷா. கூடவே அவருடைய வரலாற்றையும் போட்டிருந்தார்கள். பெரியப்பாவுக்குப் படிக்க வராது. நான்தான் உரக்கப் படித்தேன். "1942இல் பர்மாவில், சிட்டாங் ஆற்றுப் பாலத்தருகே சப்பானியரின் இயந்திரத் துப்பாக்கிக் குண்டுகள் வயிற்றில் பாய்ந்து..." என்று வந்ததும் பெரியப்பா, "என்ன ஆறு? இன்னொரு வாட்டி படி" என்றார்.

மறுநாள் அந்தப் படத்தைக் கத்தரித்து, சாமி மேடையில் நேதாஜி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டார்.

பள்ளியில் வரலாறு படித்த திமிர் எனக்கு. "பெரியப்பா, இவர் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இருந்தவர். உங்களை எதிர்த்துச் சண்டை போட்ட பக்கம். இவரை எப்படி நேதாஜிக்குப் பக்கத்தில் வைக்கலாம்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றும் நினைவிருக்கிறது. "அந்த ஆத்துத் தண்ணியைக் குடிச்சவன்டா அவன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

1984இல் பெரியப்பா படுத்த படுக்கையானார். ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ வாத்தியாராயிட்ட. என்னைக்காவது ஊருக்குப் போவ. அந்த மீசைக்காரத் தளபதி நம்ம மலைச்சீமையிலதான் குடி வந்துட்டாராமே. போனா, மலாயாவுல ஒருத்தன் ஜெய் ஹிந்த் சொன்னான்னு சொல்லிட்டு வா" என்றார். சரி என்றேன். இரண்டு வாரத்தில் அவர் போய்விட்டார்.

ஆறு ஆண்டு கழித்துத்தான் குன்னூரில் அந்தத் தேநீர் நிறுத்தம். தளபதி அப்போது உயிரோடு இருந்தார். அதே ஊரில்தான் இருந்தார். குழுத் தலைவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு யாரையாவது விசாரித்திருக்கலாம். ஒரு தோட்டத்துப் பள்ளி ஆசிரியன் ஃபீல்டு மார்ஷல் வீட்டு வாசலில் போய் என்ன சொல்லி நிற்பது என்ற கூச்சம். கூட வந்தவர்கள் சிரிப்பார்களோ என்ற எண்ணம். இதற்கு மேல் காரணம் எதுவும் இல்லை.

இந்த முறை திருச்சியில் விமானம் இறங்கி, ஊரில் நான்கு நாள் இருந்துவிட்டு, கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் போனேன். துணைவியார் இப்போது இல்லை. தனிப் பயணம். மலை ரயிலுக்கு மகள் முன்கூட்டியே சீட்டு எடுத்து வைத்திருந்தாள்.

அந்த ரயிலைப் பற்றி நாலு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1899இல் குன்னூர் வரையிலும் 1908இல் உதகமண்டலம் வரையிலும் போட்ட பாதை. மொத்தம் 46 கிலோமீட்டர். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. கல்லாறு தாண்டியதும் ஏற்றம் செங்குத்தாகிவிடுவதால் தண்டவாளங்களுக்கு நடுவே பற்கள் வைத்த இரும்புப் பட்டை ஒன்று ஓடுகிறது. இன்ஜினின் பற்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை. பின்னால் நின்று தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டி முகப்பிலும் ஓர் ஆள் கொடியோடு நிற்கிறார். நடுவழியில் நீராவி இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது குரங்குகள் வந்து பயணிகளின் பலகாரத்துக்குப் பங்கு கேட்கின்றன. எங்கள் பெட்டியில் ஒரு அம்மாளின் முறுக்குப் பொட்டலம் முழுசாகப் போயிற்று. நடந்து போகிறவன் முந்திவிடுவான் போன்ற வேகம். அந்த வேகம் எனக்குப் பிடித்தது. பெரியப்பாவை நினைத்துக்கொண்டு வருவதற்கு நேரம் கிடைத்தது.

குன்னூர் நெருங்கும்போது தேயிலை தொடங்கிவிடுகிறது. நாம் பால்மரக் காட்டுப் பிள்ளைகள். நமக்குத் தோட்டம் என்றால் நிழல். அண்ணாந்து பார்க்கிற மரம். அங்கே தோட்டம் என்றால் வெயில், இடுப்பளவுச் செடி, குனிந்தே நிற்கிற பெண்கள். ஆனால் அந்தப் பெண்கள் தலையில் துணியைக் கட்டியிருக்கும் விதமும், சரிவில் ஒருத்தியை ஒருத்தி கூப்பிடும் குரலும் நம் லயத்துக் குரல்தான்.

குன்னூரில் ஒரு வாடகைக் கார் பிடித்தேன். ஓட்டுநருக்கு நாற்பது வயது இருக்கும். அவருடைய தந்தை இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். 1964இல் சிறீமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களில் ஒருவர். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கவென்று நீலகிரியில் அரசாங்கமே தேயிலைத் தோட்டம் போட்டது. "எங்கப்பா அங்க கொழுந்து, இங்கயும் கொழுந்து. கப்பல் ஏறி எறங்குனதுதான் மிச்சம், ஐயா" என்றார். நான் மலேசியா என்றதும், "அங்கயும் தோட்டம்தானா?" என்று கேட்டார். அதன் பிறகு எங்களுக்குள் பேச்சுக்குக் குறைவில்லை.

குன்னூரிலிருந்து உதகை போகும் சாலையில் சில நிமிடத்திலேயே வெலிங்டன் வந்துவிடுகிறது. பட்டாளத்து ஊர். ஊர் முழுவதுமே துடைத்து வைத்தது போல் இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமெண்டின் தலைமைப் பயிற்சி மையம் இங்கேதான். 1758இல் தொடங்கிய படைப்பிரிவு; இந்தியக் காலாட்படையிலேயே மூத்தது. இன்னொரு புறம் முப்படை அதிகாரிகள் படிக்கும் கல்லூரி. இந்தக் கல்லூரி முன்பு குவெட்டாவில் இருந்தது. 1947இல் நாடு இரண்டானபோது குவெட்டா பாகிஸ்தானுக்குப் போக, இந்தியாவின் பங்கு இந்த மலைக்கு வந்து சேர்ந்தது. நான் போன நேரத்தில் இளைஞர்கள் ஒரு கூட்டம் அரைக்கால் சட்டையோடு அந்தக் குளிரில் ஓடிக்கொண்டிருந்தார்கள். "வீர மதராசி, அடி கொல்லு" என்பது அவர்களுடைய போர் முழக்கம் என்று ஓட்டுநர் சொன்னார். பெருமையோடுதான் சொன்னார்.

சாலையில் ஒரு பாலம். மானெக்ஷா பாலம். 2009இல் பெயர் வைத்தார்களாம். ஆற்றுப் பாலத்தருகே குண்டடிபட்டவருக்குப் பாலம் ஒன்றையே நினைவுச் சின்னமாக்கியிருக்கிறார்கள். தெரிந்து செய்தார்களோ, தற்செயலோ.

யார் இந்த மானெக்ஷா? இளைய வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1914 ஏப்ரல் 3ஆம் நாள் அமிர்தசரசில் பிறந்த பார்சிக்காரர். தந்தை மருத்துவர். மகனும் லண்டனுக்குப் போய் மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். வயது போதாது என்று தந்தை மறுத்துவிட்டார். அந்தக் கோபத்தில் போய் எழுதியதுதான் இராணுவப் பள்ளித் தேர்வு. கோபத்தில் எடுத்த முடிவு நாற்பது ஆண்டு நிலைத்துவிட்டது. 1932இல் டேராடூன் இராணுவக் கல்லூரி திறந்தபோது முதல் அணியில் சேர்ந்த 40 பேரில் அவர் ஒருவர். அந்த ஒரே வகுப்பிலிருந்து மூன்று நாடுகளுக்குப் படைத்தலைவர்கள் வந்தார்கள். இந்தியாவுக்கு இவர், பாகிஸ்தானுக்கு முகமது மூசா, பர்மாவுக்கு ஸ்மித் டன்.

1942 பிப்ரவரியில் சிட்டாங். வெள்ளைக்காரர் படை பர்மாவில் பின்வாங்கிக்கொண்டிருந்தது. ஆற்றைக் கடக்க ஒரே பாலம். அதைக் காக்க ஒரு குன்றைப் பிடித்தாக வேண்டும். கேப்டன் மானெக்ஷா தம் ஆட்களோடு அந்தக் குன்றின்மேல் ஏறினார். பலர் சாய்ந்தார்கள். குன்று கிடைத்தது. அவர் வயிற்றிலும் குண்டுகள் பாய்ந்தன. பார்த்துக்கொண்டிருந்த ஜெனரல் கோவன், ஆள் பிழைக்க மாட்டார் என்று எண்ணி, இறந்தவருக்கு மிலிட்டரி கிராஸ் விருது கொடுப்பதில்லையே என்று தம் மார்பிலிருந்த விருதுப் பட்டையையே கழற்றி அவருக்குக் குத்தினாராம். அவரைத் தூக்கிச் சுமந்து மருத்துவரிடம் சேர்த்தவர் அவருடைய ஏவலாளான சேர் சிங் என்னும் சீக்கியர். மருத்துவர் ஓர் ஆஸ்திரேலியர். பிழைக்காது என்று கைவிடப் பார்த்தவர், "உனக்கு என்ன ஆயிற்று?" என்று கேட்டார். "கோவேறு கழுதை ஒன்று உதைத்துவிட்டது" என்று பதில் வந்தது. இந்த நிலையிலும் வேடிக்கை பேசுகிறவன் பிழைக்க வேண்டியவன்தான் என்று மருத்துவர் கத்தியை எடுத்தார் என்பது கதை. பிப்ரவரி 23ஆம் நாள் விடியலில் பாலத்தை வெள்ளைக்காரர்களே வெடி வைத்துத் தகர்த்தார்கள். அவர்களுடைய படையில் பெரும்பகுதி அக்கரையிலேயே மாட்டிக்கொண்டது. இரண்டு ஆண்டு கழித்துப் பெரியப்பா பார்த்தது அந்த உடைந்த பாலத்தைத்தான்.

வெலிங்டன் கல்லூரிக்கே தலைவராக மானெக்ஷா 1959 முதல் இருந்தார். இங்கேதான் அவருக்குப் பெரிய சோதனையும் வந்தது. அவர் நாட்டுப் பற்று இல்லாதவர் என்று குற்றம் சாட்டி விசாரணை நடத்தினார்கள். வாய்க்குப் பூட்டுப் போடாத மனிதர். மேலிடத்தில் இருந்தவர்களைப் பற்றியும் தோன்றியதைப் பேசிவிடுவார். அது வினையாயிற்று. குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. அதற்குள் 1962இல் சீனப் போரில் இந்தியப் படை நொறுங்கிப் போக, எவரை வீட்டுக்கு அனுப்பப் பார்த்தார்களோ அவரையே எல்லைக்கு அனுப்பி, சோர்ந்து கிடந்த சிப்பாய்களை எழுப்பச் சொன்னார்கள். எழுத்து மூலம் உத்தரவு இல்லாமல் யாரும் பின்வாங்கக் கூடாது, அந்த உத்தரவு வரவே வராது என்று போன உடனே அறிவித்தார். உலகம் இப்படித்தான் போலும். வேண்டாத பிள்ளையை வெள்ளம் வரும்போது கூப்பிடுவார்கள்.

1969 ஜூனில் இந்தியத் தரைப்படைத் தலைவரானார். 1971இல் கீழை வங்காளத்திலிருந்து அகதிகள் இலட்சக்கணக்கில் இந்தியாவுக்குள் வந்து குவிந்தார்கள். ஏறக்குறைய ஒரு கோடி வரை என்பது கணக்கு. ஏப்ரலிலேயே படையை அனுப்ப முடியுமா என்று பிரதமர் இந்திரா காந்தி கேட்டபோது, முடியாது என்று சொன்னவர் இவர். மழைக்காலம் வருகிறது, அந்த நாட்டில் ஆறுகள் கடலாகிவிடும். அறுவடை நேரம், படைக்கு ரயிலை எடுத்தால் தானியம் ஊர் போய்ச் சேராது. குளிர்காலமானால் வடக்கே கணவாய்களில் பனி மூடிச் சீனா வர முடியாது. அதுவரை பொறுங்கள், இல்லையென்றால் என் ராஜினாமாவை வாங்கிக்கொள்ளுங்கள் என்றாராம். இது அவரே பிற்காலத்தில் மேடைகளில் சொன்ன விவரம். நடந்தது இவ்வளவு நாடகமாக இல்லை என்று எழுதுகிற வரலாற்றாசிரியர்களும் உண்டு. மனிதர் கதை சொல்வதில் வல்லவர் என்பதால் கொஞ்சம் உப்பு, காரம் சேர்ந்திருக்கலாம். ஆனால் படை டிசம்பர் வரை காத்திருந்தது உண்மை. டிசம்பர் 3இல் தொடங்கிய போர் 16ஆம் நாள் டாக்காவில் முடிந்ததும் உண்மை. 93,000 பேர் சிறைப்பட்டார்கள். சரண் பத்திரத்தை வாங்கிக்கொள்ள அவர் டாக்காவுக்குப் போகவில்லை. அந்த முனையில் படை நடத்திய ஜெனரல் அரோராவுக்கே அந்தப் பெருமை சேரட்டும் என்று விட்டுவிட்டார். அவரிடம் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். நம் பள்ளிக்கூடங்களில் பரிசளிப்பு விழா மேடைக்கு நடக்கும் தள்ளுமுள்ளைப் பார்த்தவன் நான்.

1973 ஜனவரியில் அவரை ஃபீல்டு மார்ஷல் ஆக்கினார்கள். இந்தியாவில் அந்தப் பட்டம் பெற்ற முதல் ஆள். அதே மாதம் பணியிலிருந்து இறங்கி, மனைவியோடு குன்னூரில் வந்து குடியேறினார். அமிர்தசரசில் பிறந்து, பெஷாவர் பக்கத்துப் படைப்பிரிவில் வளர்ந்து, தில்லியில் உச்சிக்குப் போனவர், கடைசி முப்பத்தைந்து ஆண்டுகளைத் தமிழ்நாட்டு மலையில், தேயிலைக்கு நடுவில் கழித்தார். தமக்குப் பழகிய வெலிங்டன் பக்கத்திலேயே இருந்துவிட எண்ணினார் போலும்.

"வீட்டைப் பார்க்கணுமா ஐயா?" என்று ஓட்டுநர் கேட்டார். வேண்டாம் என்றேன். 1990இல் தட்டாத கதவை இப்போது போய் எட்டிப் பார்த்து என்ன ஆகப் போகிறது?

போகிற வழியில் அவர் காட்டேரிப் பக்கம் கையைக் காட்டினார். 2021 டிசம்பர் 8ஆம் நாள் முப்படைகளின் தலைமைத் தளபதி பிபின் ராவத் வந்த ஹெலிகாப்டர் நஞ்சப்பசத்திரம் அருகே விழுந்து, அதில் வந்த பதினான்கு பேருமே போய்ச் சேர்ந்தார்கள். வெலிங்டன் கல்லூரியில் பேசத்தான் வந்துகொண்டிருந்தார்கள். கம்பளியும் குடத்துத் தண்ணீருமாய் முதலில் ஓடிப் போய் நின்றது பக்கத்திலிருந்த எளிய குடியிருப்பு மக்கள் என்றார் ஓட்டுநர். சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமல் வந்தார்.

உதகையில் பார்சிகளின் இடுகாடு ஊருக்குச் சற்று ஒதுங்கிய சரிவில் இருக்கிறது. 2008 ஜூன் 27ஆம் நாள் வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் 94ஆவது வயதில் அவர் காலமானார். மனைவியின் சமாதிக்குப் பக்கத்திலேயே அடக்கம். மனைவி 2001இலேயே போய்விட்டார். இராணுவ மரியாதை குறைவில்லாமல் நடந்தது. ஆனால் தில்லியிலிருந்து இணை அமைச்சர் ஒருவர் வந்தாரே தவிர, குடியரசுத் தலைவரோ பிரதமரோ, முப்படைத் தளபதிகளோ வரவில்லை. நாட்டுக்குத் துக்க நாளும் இல்லை. அப்போது பத்திரிகைகள் அதைக் கண்டித்து எழுதின. அதைப் படித்தபோது எனக்கு வேறொன்று நினைவுக்கு வந்தது. 1972இல் இந்திய அரசாங்கம் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு ஓய்வூதியத் திட்டம் கொண்டுவந்தது. நேதாஜி படையினருக்கும் அது உண்டு என்று கேள்விப்பட்டு, பெரியப்பாவுக்காக நான்தான் மனு எழுதினேன். அவரிடம் சேர்ந்த சீட்டு இல்லை, எண் இல்லை. இருந்ததெல்லாம் முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு. மூன்று முறை எழுதினேன். ஒரு வரி பதில் கிடையாது.

அது போகட்டும். பணம் அவருக்குப் பெரிதில்லை. அவர் மனத்தில் தைத்திருந்த முள் வேறு. சுதந்திரம் வந்த பிறகும் நேதாஜி படையில் இருந்தவர்களை இந்திய இராணுவத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரனிடம் சேவகம் செய்த அதிகாரிகளே புது நாட்டின் தளபதிகளானார்கள். ஒரே ஒரு முறை, தீபாவளியன்று கொஞ்சம் உள்ளே போயிருந்த நேரத்தில் பெரியப்பா சொன்னார்: "எங்கள வேணாம்னுட்டாங்க. எங்க ஜெய் ஹிந்தை மட்டும் எடுத்துக்கிட்டாங்க." உண்மைதான். நேதாஜி படையில் பிறந்த அந்த வணக்கத்தைத்தான் இன்று இந்தியச் சிப்பாய் ஒவ்வொருவனும் சொல்கிறான். இவ்வளவு மனத்தாங்கல் உள்ளவர் அந்தப் படத்தைச் சாமி மேடையில் ஒட்டினார் என்றால், அதன் அர்த்தம் பதினைந்து வயதில் எனக்கு எப்படிப் புரியும்? இப்போதும் முழுக்கப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

வாயிற்கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டுப் பார்த்தோம், ஆள் அரவம் இல்லை. "போன் பண்ணி யாரையாவது வரச் சொல்லவா ஐயா?" என்றார் ஓட்டுநர். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். குளிர் காதை அறுத்தது. பையிலிருந்து பெரியப்பாவின் படத்தை எடுத்தேன். 1957இல் தோட்டத்துத் திருவிழாவில் பிடித்தது. அதிலும் நேராகத்தான் நிற்கிறார். கதவுக்கு வெளியே நின்று, அவர் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். குரல் சரியாக வரவில்லை. இரண்டாம் முறை சொன்னேன்.

திரும்பிப் பார்த்தால் ஓட்டுநர் காரை விட்டு இறங்கி நின்றுகொண்டிருந்தார்.

"ஐயாவும் பட்டாளத்துல இருந்தீங்களா?"

"இல்லை தம்பி. பள்ளிக்கூட வாத்தியார்."

"அப்ப இவரு உங்களுக்கு வேண்டியவரா?"

கீழே இறங்கும் வழியெல்லாம் பெரியப்பா கதையைச் சொல்லிக்கொண்டு வந்தேன். பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டார். நடுவில் கேத்தி பக்கம் காரை ஓரம் கட்டி இரண்டு தேநீர் வாங்கி வந்தார். காசு கொடுக்க விடவில்லை. பெரியப்பா பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். தம் தாத்தாவுக்கும் அதே பெயர்தான் என்றார். குன்னூர் போய்ச் சேரும்போது இருட்டிவிட்டது. மகளுக்கு வர்க்கி வாங்க மறந்து போய், மறுநாள் காலை ரயிலடிக்குப் போகும் வழியில் வாங்கிக்கொண்டேன்.